படம் போட்டது யார் கை?

எங்கள் பள்ளியில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்புக்கு வாரம் ஒரு நாள் வந்து ஓவியம் சொல்லித்தரும் குழுவை இந்தப் பருவம் முழுக்கக் கூடவே இருந்து பார்த்தேன். பத்து வகுப்புகள், ஒன்பது பிள்ளைகள். ஐந்துக்கு நான்கு தரலாம்.

முதல் நாள் ஓவிய ஆசிரியை பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் மேசையைத்தான் பார்த்தார். சக்கர நாற்காலி உள்ளே நுழையவில்லை என்றதும் மேசைக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தினார். தாள் நழுவாமல் நான்கு மூலையிலும் டேப். மூளை முடக்குவாதத்தால் விரல்கள் இறுகிப்போன பையனுக்கு பிரஷ் காம்பில் ஸ்பாஞ்ச் சுற்றிப் பருமனாக்கிக் கொடுத்தார். பெல் அடித்த பிறகும் அவன் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை.

பார்வையில்லாத மாணவிக்கு, பசையால் கோடு போட்டுக் காயவைத்த தாள். மஞ்சளில் மட்டும் மணல் கலந்திருந்ததால் எது மஞ்சள் என்று விரலே சொல்லிவிடும். மேடான கோட்டைத் தடவிக்கொண்டே போனவள் சட்டென நிறுத்தி, "மிஸ், பூனைக்கு ஒரு காது இல்லையே" என்றாள். பார்த்தால், நிஜமாகவே இல்லை!

ஒரு நாள் ஓவியர் மத்தீஸ் பற்றிச் சொன்னார்கள். 1941இல் நடந்த பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நிற்கவே சிரமப்பட்டவர். நீண்ட கழியின் முனையில் கரியைக் கட்டி வரைந்தவர். கதை முடிவதற்குள் சக்கர நாற்காலிப் பையன் "எனக்கும் கழி" என்றான். அடுத்த வாரமே வந்தது.

குறை என்றால், குழுவின் உதவியாளர்களிடம்தான். பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்து வட்டம் போடவைத்தால் வட்டம் அழகாகத்தான் வரும், ஆனால் போட்டது யார்? நம் கையைப் பிள்ளையின் கைக்குக் கீழே கொடுத்தால், பிடிக்காதபோது அவனே தன் கையை எடுத்துக்கொள்ளலாம். சொன்னதும் ஆசிரியை திருத்தினார். கண்காட்சி நெருங்கியதும் பழைய கதைதான். சுவரில் மாட்டிய ஒன்பது படங்களில் இரண்டு எங்கள் பிள்ளைகள் போட்டவை இல்லை; கோட்டைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

அப்புறம், ஒரு வாரம் சொல்லாமல் நேரத்தை மாற்றிவிட்டார்கள். படஅட்டையைப் பார்த்து அடுத்து என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆட்டிசப் பிள்ளையை அன்று சமாதானப்படுத்தவே நேரம் போய்விட்டது.

அடுத்த பருவத்துக்கும் கூப்பிட்டிருக்கிறேன், கண்காட்சி வேண்டாம் என்ற நிபந்தனையோடு.