வோர்டெக்ஸா, மோட் ஆர்கனைசரா: ஸ்கைரிமுக்கு எதைப் போடுவது?

ஸ்கைரிம் 2011 நவம்பரில் வந்த கேம். இன்று புதிதாக மோட் (கேமை மாற்ற ரசிகர்கள் செய்யும் கூடுதல் ஃபைல்கள்) போட்டு ஆட வருகிறவர்கள் பெரும்பாலும் எடுப்பது 2016இல் வந்த ஸ்பெஷல் எடிஷனை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டில் எடுத்த லேப்டாப்பில் சுமாரான கிராபிக்ஸ் கார்டு இருந்தாலே ஓடிவிடும், ஸ்டீம் தள்ளுபடியில் சல்லிசாகவும் கிடைக்கும். அதனால் பிடிஎம் லேஅவுட், மடிவாளா பக்கத்துப் பி.ஜி.க்களில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குப் பஸ் ஏறாத வாரங்களில் யாராவது ஒருவர் இதை இன்ஸ்டால் பண்ணிக்கொண்டிருப்பார். அடுத்த கேள்வி உடனே வரும்: மோட்களைப் போட்டு எடுக்க உதவும் மோட் மேனேஜரில் எது? "ரெண்டும் ஒண்ணுதான், எது வேணா போடு" என்று பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். வேலை ஒன்றுதான், வேலை செய்யும் விதம் வேறு.

முதலில் கழிக்க வேண்டியவற்றைக் கழித்துவிடலாம். மோட் ஃபைல்களைக் கையால் டேட்டா ஃபோல்டருக்குள் காப்பி பண்ணுவது மூன்று மோட் வரை சரி. நான்காவதை எடுக்க நினைக்கும்போது எந்த ஃபைல் எதோடு வந்தது என்று யாருக்கும் தெரியாது. பழைய யூடியூப் வீடியோக்களில் வரும் நெக்ஸஸ் மோட் மேனேஜரும் காலாவதியானது. மோட்கள் கிடைக்கும் நெக்ஸஸ் தளத்துக்காரர்களே அதைக் கைவிட்டு வோர்டெக்ஸைக் கொண்டுவந்தார்கள். மிச்சம் இரண்டு: வோர்டெக்ஸ், மோட் ஆர்கனைசர் 2. வேடிக்கை என்னவென்றால், முதல் மோட் ஆர்கனைசரை எழுதியவரைத்தான் பிறகு நெக்ஸஸ் வேலைக்கு எடுத்து வோர்டெக்ஸை எழுத வைத்தது. ஆனாலும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

எல்லா வித்தியாசமும் ஒரே இடத்தில் தொடங்குகிறது: மோட் ஃபைல்கள் உண்மையில் எங்கே இருக்கின்றன?

வோர்டெக்ஸ் எல்லா மோட்களையும் தனி ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, 'டிப்ளாய்' கொடுத்ததும் கேமின் டேட்டா ஃபோல்டருக்குள் ஹார்டு லிங்க் போடும். ஃபைல் இரண்டு இடத்தில் தெரியும், டிஸ்கில் ஒரு தடவைதான் இடம் பிடிக்கும். மோட் ஆர்கனைசரோ கேம் ஃபோல்டரைத் தொடுவதே இல்லை. கேம் ஓடும் நேரத்தில் மட்டும் மோட்கள் எல்லாம் டேட்டாவுக்குள் இருப்பதுபோல் ஒரு மாயத் தோற்றத்தைக் காட்டும். கேமை மூடினால் ஃபோல்டர் பழையபடி சுத்தமாக இருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் திகைப்பதும் இங்கேதான். என் அறைத்தோழன் மோட் ஆர்கனைசரில் எல்லாம் போட்டுவிட்டு வழக்கம்போல் ஸ்டீமில் 'ப்ளே' அழுத்தினான். "மச்சான், ஒரு மோட்கூட வரலடா. ஃபோல்டரத் தொறந்து பார்த்தா ஒண்ணுமே இல்ல!" இருக்காது. மோட் ஆர்கனைசரில் வலப்பக்கம் மேலே உள்ள பட்டியலில் கேமைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் இருக்கும் 'ரன்' பட்டனை அழுத்தித்தான் தொடங்க வேண்டும். பாத்திரங்களின் உடலமைப்பை மாற்றும் பாடிஸ்லைடு மாதிரித் துணைக் கருவிகளையும் அதன் வழியாகவே ஓட்ட வேண்டும். அவை உருவாக்கும் ஃபைல்கள் பட்டியலின் அடியில் 'ஓவர்ரைட்' என்ற இடத்தில் வந்து விழும். வோர்டெக்ஸில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. டிப்ளாய் ஆகிவிட்டால் எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம்.

அப்புறம் டிஸ்க். நம்மில் பலரிடம் இருப்பது 256 ஜிபி எஸ்எஸ்டி, கூட ஒரு 1 டிபி ஹார்டு டிஸ்க். ஹார்டு லிங்க் ஒரே டிரைவுக்குள்தான் வேலை செய்யும். எனவே கேம் எஸ்எஸ்டியில் இருந்தால் வோர்டெக்ஸின் மோட்களும் அங்கேயே இருக்க வேண்டும். 4கே டெக்ஸ்சர்களாக (பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) அள்ளிப் போட்டால் இடம் காணாமல் போய்விடும். மோட் ஆர்கனைசருக்கு மோட்கள் எந்த டிரைவில் இருந்தாலும் கவலையில்லை. ஹார்டு டிஸ்கில் வைத்தால் லோடிங் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். சின்ன எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

ஆனால் நான் மோட் ஆர்கனைசர் பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணம் மோதல்கள். ஒயிட்ரன் நகரத்துக் கல்தரையை மாற்றும் மோட் ஒன்று, நகரம் முழுவதையும் மாற்றும் மோட் இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே பெயரில் டெக்ஸ்சர் ஃபைல் இருக்கும். எது ஜெயிக்கும்? மோட் ஆர்கனைசரின் இடப்பக்கப் பட்டியலில் கீழே இருப்பது ஜெயிக்கும். ஜெயித்ததன் பக்கத்தில் மின்னல் குறியோடு கூட்டல், தோற்றதன் பக்கத்தில் கழித்தல். கல்தரை மோட்டைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டால் குறிகள் இடம் மாறும், பிரச்சினை தீர்ந்தது. வோர்டெக்ஸில் சிவப்பு மின்னல் வரும். அதைச் சொடுக்கி, 'இது அதற்குப் பிறகு' என்று விதி எழுத வேண்டும். இருபது மோட்டுக்கு அது வசதிதான், அது கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகலாம். இருநூறு மோட் வந்த பிறகு ஒரு விதி இன்னொன்றோடு முட்டிக்கொண்டு சுற்றினால் அவிழ்ப்பது தலைவலி.

இந்த வரிசையும், கேமின் விவரங்களை மாற்றும் பிளகின் ஃபைல்களின் லோடு ஆர்டரும் (ஏறும் வரிசை) வேறு வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். டெக்ஸ்சர், மெஷ் (பொருள்களின் வடிவம்) ஃபைல்களில் எது ஜெயிக்கும் என்பது ஒன்று. இஎஸ்பி பிளகின்கள் எந்த வரிசையில் ஏறும் என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு லூட் என்ற கருவி இருக்கிறது. வோர்டெக்ஸ் அதைத் தானாகவே ஓட்டிவிடும், மோட் ஆர்கனைசரில் வலப்பக்கம் 'சார்ட்' அழுத்த வேண்டும். முழு பிளகின்கள் 254 வரைதான், லைட் வகை பிளகின்களுக்குத் தனி இடம் உண்டு. புதியவர்கள் இந்த எல்லையை நெருங்கவே மாட்டார்கள், விடுங்கள்.

வோர்டெக்ஸ் தெளிவாக ஜெயிக்கிற இடங்களும் உண்டு. பல மோட்களுக்குத் தேவைப்படும் ஸ்க்ரிப்ட் எக்ஸ்டெண்டரை, அதாவது எஸ்கேஎஸ்இயை, அதுவே சரியான இடத்தில் வைத்துவிடும். மோட் ஆர்கனைசர்காரர்கள் கேமைத் தொடங்கிவைக்கும் அதன் லோடரைக் கையால் கேம் ஃபோல்டரில் வைக்க வேண்டும். ஸ்டார்டியூ வேலி, விட்சர் 3 என்று மற்ற கேம்களையும் வோர்டெக்ஸில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். யாரோ பார்த்துப் பார்த்து அடுக்கிய 'கலெக்‌ஷன்' ஒன்றை அப்படியே இறக்கிக்கொள்ளவும் முடியும். ஆனால் இலவசக் கணக்கில் ஒவ்வொரு மோட்டுக்கும் தனித்தனியாக டவுன்லோடு அழுத்த வேண்டும், வேகமும் குறைவு. பி.ஜி. வைஃபையில் பெரிய கலெக்‌ஷன் ஒன்றைத் தொடங்கினால் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டுவார். மோட் ஆர்கனைசரை வைத்து இதே வேலையைச் செய்யும் வாபாஜாக்கிலும் காசு கட்டாதவர்கள் பாடு இதுதான்.

என் கணக்கு இது. பதினைந்து, இருபது மோட் போட்டுவிட்டு ஆடினால் போதும், டிஸ்கில் இடம் இருக்கிறது என்றால் வோர்டெக்ஸ். இன்றைக்குப் போட்டு நாளைக்கு எடுத்து, ஒரு ப்ரொஃபைலில் வில்லாளி, இன்னொன்றில் மந்திரவாதி என்று தனித்தனி மோட் பட்டியலும் தனித்தனி சேவும் வேண்டும் என்றால் மோட் ஆர்கனைசர். ப்ரொஃபைல் வோர்டெக்ஸிலும் உண்டு, ஆனால் மாற்றும்போதெல்லாம் திரும்ப டிப்ளாய் ஆக வேண்டும். ஒரே கேமுக்கு இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். நெக்ஸஸ் டவுன்லோடு பட்டன் எதைத் திறக்கும் என்பதிலேயே சண்டை தொடங்கிவிடும். வோர்டெக்ஸிலிருந்து மாறுகிறவர்கள் முதலில் 'பர்ஜ்' கொடுத்து லிங்குகளை எடுத்துவிட்டு மாறுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், கேமை ப்ரோக்ராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்கு வெளியே, புது ஸ்டீம் லைப்ரரி ஒன்றில் வையுங்கள். விண்டோஸின் அனுமதித் தொல்லை இருக்காது. கேமின் ப்ராப்பர்ட்டீஸில் 'தொடங்கும்போது மட்டும் அப்டேட்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எஸ்கேஎஸ்இ லோடர் வழியாகவே ஆடுங்கள். கேம் புது வெர்ஷனுக்குத் தாவினால் பழைய எஸ்கேஎஸ்இ வேலை செய்யாது. அதை நம்பியிருக்கும் மோட்களும், அவற்றுக்கான புது வெர்ஷன் வரும்வரை அப்படியே கிடக்கும்.