டிசம்பர் லண்டன்: டூர் பஸ்ஸை விடுங்கள், 139-ஐப் பிடியுங்கள்

கிறிஸ்துமஸுக்கு முன்னால் லண்டன் போக நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பரில் அம்மா, சித்தி, நான் மூன்று பேரும் ஏழு நாள் அங்கே இருந்தோம். அத்தனை செலவில் எங்களுக்கு அதிக சந்தோஷத்தைத் தந்தது, ஆளுக்கு 1.75 பவுண்ட் கொடுத்து ஏறிய சாதாரண சிவப்பு டவுன் பஸ்தான். அன்றைய கணக்கில் அது ஏறக்குறைய 190 ரூபாய். சுற்றுலாவுக்கென்று ஓடும் பஸ்ஸுக்கு நாங்கள் கட்டியது அதைப்போல இருபது மடங்குக்கு மேல். அதில் அம்மா குளிரில் நடுங்கியதுதான் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

அந்தக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கிருந்து கிளம்பும் முன்பே ஒரு ஏஜென்ட் மூலம் "இரவு விளக்குச் சுற்றுலா" என்று மூன்று டிக்கெட் எடுத்திருந்தேன். போட்டோவில் கண்ணாடிக் கூரை போட்ட பஸ் இருந்தது. நேரில் வந்ததோ மேல்தளம் முழுக்கத் திறந்த பஸ். மாலை ஐந்தரை மணி, நாலு டிகிரி, மெல்லிய தூறல் வேறு. ஸ்வெட்டரும் மேலே கோட்டும் போட்டிருந்தும் பஸ் வேகமெடுத்ததும் காற்று காதுக்குள் ஊசி மாதிரி இறங்கியது. இருபதாவது நிமிடத்தில் சித்தி "போதும்மா, இறங்கிடலாம்" என்றார், இறங்கிவிட்டோம். ஏஜென்ட்டிடம் கேட்டதற்கு, பஸ் வந்துவிட்டதால் பணம் திரும்பாது என்று பதில் வந்தது. டிசம்பரில் திறந்த பஸ்ஸுக்கு யாராவது டிக்கெட் நீட்டினால், அதுவும் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது, தயவுசெய்து வாங்காதீர்கள்.

மறுநாள் வேறு வழி தெரியாமல்தான் 139-ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறினோம். எங்கள் ஹோட்டல் பேக்கர் ஸ்ட்ரீட் பக்கம், அந்த பஸ் வாசலுக்கு அருகிலேயே நின்றது. கோல்டர்ஸ் கிரீனிலிருந்து வாட்டர்லூ வரை போகிற ரூட் அது. பேக்கர் ஸ்ட்ரீட்டைத் தாண்டியதும் ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட், அப்புறம் ரீஜென்ட் ஸ்ட்ரீட், பிக்கடிலி சர்க்கஸ், டிரஃபால்கர் சதுக்கம், கடைசியில் வாட்டர்லூ பாலம் ஏறி ஆற்றைக் கடக்கும். டூர் பஸ் காட்டுகிற விளக்குகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே வழியில் வந்துவிடுகிறது. உள்ளே கதகதப்பு, தலைக்கு மேல் கூரை, முன்னால் முழு அகலத்துக்கும் கண்ணாடி.

மேல்தளத்தின் முதல் வரிசை கிடைத்தால் விடாதீர்கள். நாங்கள் ஏறியபோது அந்தக் கண்ணாடியில் மூச்சுக்காற்றின் பனி படிந்திருந்தது. அம்மா தன் சால்வையின் நுனியால் அதைத் துடைத்தார், ஒரு தட்டு அளவுக்கு வட்டம் தெளிந்தது, அந்த வட்டத்துக்குள் ரீஜென்ட் ஸ்ட்ரீட்டின் தேவதைகள் தெரிந்தன. தெருவுக்குக் குறுக்கே, இரண்டு பக்கக் கட்டிடங்களுக்கும் நடுவில், விளக்குகளாலேயே நெய்த இறக்கைகளை விரித்து அவை தொங்குகின்றன. கீழே நடந்து போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிற அதே இறக்கையை மேல்தளத்தில் இருப்பவர் ஏறக்குறைய நேருக்கு நேர் பார்க்கலாம். ஒன்றைத் தாண்டியதும் அடுத்தது, அதற்கும் பின்னால் இன்னொன்று. கண்ணாடியில் வழிகிற ஒவ்வொரு மழைத்துளியிலும் அந்த வெளிச்சம் சின்னதாக ஒரு பொட்டு வைத்திருந்தது. அந்தத் தெருவில் கிறிஸ்துமஸ் விளக்கு போடும் வழக்கம் 1954-இல் தொடங்கியதாம், பக்கத்து ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்டில் 1959-இல். அம்மா ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இனி திட்டம் போடும் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நான் தவறாகத் திட்டம் போட்ட ஆள். பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதி ஒரு நாளைக்கு ஐந்து என்று பிரித்து வைத்திருந்தேன். டிசம்பர் லண்டனுக்கு அது சரிப்படாது. அந்த மாதத்தின் நடுவில் அங்கே சூரியன் உதிக்கும்போது காலை எட்டு மணி ஆகிவிடும், மறைவது மாலை 3.51-க்கு. எட்டு மணி நேரத்துக்கும் குறைவான பகல், அதிலும் பாதி நாள் மேகமூட்டம். முதல் நாள் நாங்கள் சாவகாசமாக மியூசியத்தில் இருந்துவிட்டு நாலரைக்குப் பூங்காவில் நடக்கலாம் என்று வெளியே வந்தால் நம்மூர் ஏழரை மணி இருட்டு. அதனால் இடத்தை வைத்துத் திட்டம் போடாமல் வெளிச்சத்தை வைத்துப் போடுங்கள். திறந்தவெளியில் பார்க்க வேண்டியதெல்லாம் காலை ஒன்பது முதல் மதியம் வரை. கால் வலிக்கத் தொடங்கும் மதியத்தில் மியூசியம். மூன்றரைக்கு ஒரு டீ. நாலேகாலுக்கு பஸ். அந்த நேரத்தில் வானம் முழுக் கறுப்பாக ஆகியிருக்காது, அடர்நீலமாக இருக்கும், விளக்குகள் அந்த நீலத்தின் மேல்தான் மிக அழகு. ஐந்தரைக்கு மேல் அலுவலகக் கூட்டம் சேர்ந்துவிடும். சனி, ஞாயிறு மாலையில் ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட் பக்கம் பஸ் எறும்பு மாதிரி ஊரும் என்பதால் திங்கள் முதல் வியாழனுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நேரத்துக்கும் அவர்கள் நேரத்துக்கும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி வித்தியாசம். அதனால் முதல் இரண்டு மூன்று நாள் அதிகாலை நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடும், இரவு எட்டுக்குக் கண் சொருகும். அதோடு சண்டை போட வேண்டாம், சீக்கிரம் இருட்டுகிற ஊருக்கு அது நல்ல பொருத்தம்தான்.

பஸ்ஸில் காசு வாங்கமாட்டார்கள், 2014-லிருந்தே கிடையாது. கையில் பவுண்ட் நோட்டு இருந்தும் பயனில்லை. முன் கதவில் ஏறி, டிரைவர் அருகில் இருக்கும் மஞ்சள் வட்டத்தில் கார்டை வைத்தால் பீப் என்று ஒரு சத்தம் வரும். இறங்கும்போது வைக்கத் தேவையில்லை (மெட்ரோ ரயிலில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் இரண்டு தடவையும் வைக்க வேண்டும், குழப்பிக்கொள்ளாதீர்கள்). விசா, மாஸ்டர்கார்டு, அமெக்ஸ் கான்டாக்ட்லெஸ் கார்டு போதும். ஆனால் நம் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாடு, கான்டாக்ட்லெஸ் இரண்டையும் ஊரிலேயே திறந்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அப்புறம், ஒரு கார்டு ஒரு ஆளுக்குத்தான். ஒரே கார்டை வைத்து மூன்று பேருக்குக் கட்ட முடியாது. நான் என் கிரெடிட் கார்டைப் பயன்படுத்தினேன், அம்மாவுக்கும் சித்திக்கும் ஆளுக்கொரு ஆய்ஸ்டர் கார்டு (முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் லண்டன் பயண அட்டை) வாங்கிக் கொடுத்தேன். அப்போது கார்டு ஒன்று 7 பவுண்ட், அது திரும்ப வராது. பதினொரு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு பஸ்ஸில் இலவசம்.

எனக்கு மிகவும் பிடித்தது கட்டண முறைதான். ஒரு தடவை 1.75 கட்டினால், அந்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் திரும்பக் காசு பிடிக்காது. நாள் முழுக்க பஸ்ஸிலேயே சுற்றினாலும் 5.25 பவுண்டுக்கு மேல் போகாது. அதாவது மூன்று தடவைக்கு மேல் அன்றைக்கு எல்லாமே இலவசம். தவறான பஸ்ஸில் ஏறிவிட்டால் பதறாமல் இறங்கி எதிர்ப்பக்கம் வந்து ஏறலாம், கூடுதல் செலவு இல்லை. இதெல்லாம் 2024 கணக்கு, கட்டணம் மாறும், கிளம்பும் முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

139 தவிர இன்னும் இரண்டு நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். 14 சவுத் கென்சிங்டன் மியூசியங்கள் பக்கமிருந்து ஹாரட்ஸ் கடை முகப்பு வழியாக பிக்கடிலி வந்து ரஸ்ஸல் சதுக்கம் போகும். இருட்டிய பிறகு ஹாரட்ஸ் கட்டிடம் முழுக்கக் கோடு கோடாக பல்பு எரியும், பஸ் அதன் முன்னாலேயே போகிறது. 15 டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து செயின்ட் பால் தேவாலயம் வழியாக டவர் ஆஃப் லண்டன் பக்கம். இதைக் காலையில் வைத்துக்கொள்ளலாம்.

குறையும் சொல்ல வேண்டும். மேல்தளத்துக்குப் போகும் படி குறுகலானது, வளைந்து ஏறும், பஸ் நகரத் தொடங்கிய பிறகு ஏறினால் ஆடும். சித்திக்கு முழங்கால் வலி, அவர் கீழேயே உட்கார்ந்துவிட்டார். கீழே வயதானவர்களுக்கென்று ஒதுக்கிய சீட் உண்டு, கேட்காமலேயே எழுந்து கொடுத்தார்கள். ஆனால் கீழே இருந்து விளக்குகள் அந்த அளவுக்குத் தெரியாது. நெரிசல் நேரத்தில் நடந்து போனால் இன்னும் சீக்கிரம் போகலாம் என்ற நிலையும் வரும். ரயிலைப் பிடிக்க, நாடகத்துக்கு நேரத்தில் போக என்றால் மெட்ரோதான் சரி.

டிரஃபால்கர் சதுக்கத்தில் இறங்கி கிறிஸ்துமஸ் மரத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். 1947-லிருந்து ஒவ்வொரு வருடமும் நார்வே அனுப்புகிற மரம் அது, உலகப்போரில் பிரிட்டன் செய்த உதவிக்கு நன்றியாக. டிசம்பர் முதல் வியாழக்கிழமை விளக்கு ஏற்றுகிறார்கள், ஆகவே நவம்பர் கடைசியில் போகிறவர்களுக்கு அது கிடைக்காது. விளக்குச் சரங்களைச் சுற்றிக் கட்டாமல் மேலிருந்து கீழாக நேர்கோடாக விட்டிருப்பார்கள், அது நார்வே வழக்கம். நாங்கள் போனபோது மரத்தடியில் ஒரு குழு கிறிஸ்துமஸ் பாடல் பாடிக்கொண்டிருந்தது, மூன்று பாட்டு நின்று கேட்டோம்.

மியூசியங்கள் பெரும்பாலானவற்றுக்கு அனுமதி இலவசம். பிரிட்டிஷ் மியூசியத்தில் அமராவதிச் சிற்பங்களுக்கும் சோழர் கால நடராஜருக்கும் நேரம் ஒதுக்குங்கள், அம்மா நடராஜர் முன்னால் கை கூப்பி நின்றுவிட்டார். வெள்ளிக்கிழமை இரவு எட்டரை வரை திறந்திருக்கும், சீக்கிரம் இருட்டும் மாதத்தில் அது பெரிய உதவி. பெரிய மியூசியங்கள் டிசம்பர் 24 முதல் 26 வரை மூடியிருக்கும். 25-ஆம் தேதி பஸ், மெட்ரோ எதுவுமே ஓடாது, ஒன்றுகூட. கிறிஸ்துமஸ் அன்றே அங்கே இருக்க வேண்டும் என்று டிக்கெட் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். டிசம்பர் இரண்டாவது வாரம் எல்லா விளக்கும் எரியும், எல்லாமும் திறந்திருக்கும், என்னைக் கேட்டால் அதுதான் சரியான வாரம்.

விசாவுக்கு பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், முடிவு வர சாதாரணமாக மூன்று வாரம். துணி விஷயத்தில் ஒரே ஒரு சொல்: ஸ்வெட்டருக்குச் செலவழிப்பதில் பாதியை ஷூவுக்குச் செலவழியுங்கள். பனி விழுவது அபூர்வம், தூறல்தான் அடிக்கடி. கால் நனைந்தால் எத்தனை கோட்டு போட்டும் பயனில்லை. அம்மா புடவைக்குள் தெர்மல் பேன்ட், கம்பளி சாக்ஸ், தண்ணீர் புகாத ஷூ என்று ஏழு நாளும் சௌகரியமாகவே இருந்தார்.

கடைசி நாள் மாலை சித்தி, "எனக்கும் அந்த தேவதையைப் பாக்கணும்" என்றார். பஸ் நின்றிருக்கும்போதே நான் முன்னாலும் அம்மா பின்னாலுமாக அவரை மேலே ஏற்றினோம், டிரைவர் நாங்கள் உட்காரும் வரை வண்டியை எடுக்கவில்லை. ரீஜென்ட் ஸ்ட்ரீட் முழுக்க சித்தி குழந்தை மாதிரி எண்ணிக்கொண்டே வந்தார். வாட்டர்லூ பாலத்தில் வலது பக்கம் லண்டன் ஐ சக்கரம், இடது பக்கம் தூரத்தில் செயின்ட் பால் கோபுரம், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை.

வாட்டர்லூவில் இறங்கியதும் அம்மா கேட்டார், "ஏன்டி, இது திரும்பவும் இதே வழியாத்தானே போகும்?"

எதிர்ப்பக்க ஸ்டாப்புக்கு நடந்தோம். மஞ்சள் வட்டத்தில் மூன்று கார்டையும் வைத்தபோது முதலில் ஏறி 54 நிமிடம்தான் ஆகியிருந்தது. திரும்பும் பயணத்துக்குக் காசு பிடிக்கவில்லை.