பத்துப் பேர் மேசைக்குத் தேக்கா, மாமரமா?

ஓசூரில் புது வீடு கட்டிய ஒரு குடும்பத்தார் பத்துப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை கேட்டு வந்தார்கள். எட்டடி நீளம், மூன்றரை அடி அகலம், ஒன்றரை அங்குலக் கனம். "தேக்குலதான் வேணும்" என்றார் வீட்டுக்காரர். "மாமரத்தையும் ஒரு தடவை பாருங்க சார்" என்றேன். கூட வந்த அவருடைய அம்மா சிரித்துவிட்டார். "மாமரமா? அது அடுப்புக்குத்தானே தம்பி!"

கிருஷ்ணகிரியில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இந்தச் சிரிப்பு பழக்கம்தான். சந்தூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் என்று எந்தப் பக்கம் போனாலும் மாந்தோப்பு. காய்ப்பு ஓய்ந்த மரமும், மனை போட விற்ற தோப்பின் மரமும் மில்லுக்கு வந்து பாதி விறகாகவும் பாதி பெட்டிப் பலகையாகவும் போகின்றன. கையில் இருப்பதால்தான் மதிப்பு இல்லையோ என்னவோ.

முதலில் கணக்கு. மேல்பலகைக்கு மட்டும் 3.5 கன அடி. காலும் சட்டமும் சேர்த்தால் ஐந்தைத் தாண்டும். அறுப்பிலும் இழைப்பிலும் கழிவதையும் சேர்த்து 7 கன அடி மரம் எடுத்தாக வேண்டும். மாமரத்தின் விலை தேக்கில் பாதிகூட வராது. அந்த வித்தியாசத்தை ஏழால் பெருக்கிப் பார்த்தால் நாற்காலிகளுக்கே பணம் மிஞ்சும்.

தேக்கைக் குறை சொல்ல நான் யார்? நன்றாக முற்றிய தேக்கின் வைரத்தில், அதாவது கெட்டியான நடு மரத்தில், எண்ணெய்ப் பசை உண்டு, கரையான் அண்டாது, வெயிலுக்கும் மழைக்கும் அதிகம் அசையாது. உளி வைத்தால் வெண்ணெய் மாதிரி வரும். ஆனால் நம் மனதில் இருக்கும் தேக்கு வேறு, கடையில் கிடைக்கும் தேக்கு வேறு. பர்மா 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. இன்று வருவதில் நிறைய ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டம் போட்டு வளர்த்த இளமரம். அதில் வைரம் கொஞ்சம், அதைச் சுற்றியிருக்கும் வெள்ளை அதிகம். வெள்ளைப் பகுதிக்குக் கரையானைத் தடுக்கும் சத்து கிடையாது. பில்லில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், 'தேக்கு'. சாயம் ஏற்றிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது.

இன்னொன்று. தேக்குதான் வேண்டும் என்ற பிடிவாதம் நிலைக்கதவிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். நிலை சுவரில் பதிந்திருக்கும், அடியில் ஈரம் ஏறும், கரையான் புற்று வைக்கும். அங்கே தேக்கு நியாயம். சாப்பாட்டு மேசையோ டைல்ஸ் தரையில், கூடத்தின் நடுவில், தினமும் துடைத்தபடி நிற்கிறது. அதற்கும் அதே அளவுகோல் எதற்கு?

மாமரத்துக்கு எதிரி கரையானைவிட மரத்தைத் துளைத்து உளுத்துப்போக வைக்கும் வண்டுதான். அறுத்த கையோடு போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த தண்ணீரில் பலகையை ஊறவைக்க வேண்டும். வெட்டிய மரம் தோப்பிலேயே சில வாரம் கிடந்துவிட்டால் கருநீலக் கறை ஏறிவிடும். ரேகை பின்னிக்கொண்டு ஓடுவதால் இழைக்கும்போது சிம்பு பெயரும். கூரான இழைப்புளியும் பொறுமையும் வேண்டும், கூலியும் ஒரு நாள் கூடும். இத்தனையும் செய்த பிறகு வரும் முகம் இருக்கிறதே! வெளிர் தேன் நிறத்தில் அங்கங்கே கறுப்புக் கீற்று ஓடும். தேக்கில் அது கிடைக்காது. எடையும் ஏறக்குறைய தேக்கு அளவுதான்.

எந்த மரம் என்பதைவிட எவ்வளவு காய்ந்த மரம் என்பதுதான் எனக்குப் பெரிது. சில வருடங்களுக்கு முன் தருமபுரியில் ஒரு வீட்டுக்கு நல்ல தேக்கிலேயே மேசை செய்தேன். மேல்பலகையைச் சட்டத்தோடு இறுக்கித் திருகு போட்டுவிட்டேன். பங்குனி வெயிலில் ஒரு மதியம் பட்டாசு போல வெடித்து, நடுவில் விரிசல் ஓடியது. தப்பு என்னுடையது. மூன்றரை அடி அகலப் பலகை மழைக்கும் கோடைக்கும் நடுவே கால் அங்குலம்வரை விரிந்து சுருங்கும், நீளத்தில் அசைவு இல்லவே இல்லை என்று சொல்லலாம். இப்போது திருகுத் துளையை அகலவாக்கில் நீளமாக வெட்டி, பலகை நகர இடம் விடுகிறேன். இது தேக்குக்கும் உண்டு, மாமரத்துக்கும் உண்டு. மாமரம் கொஞ்சம் கூடுதலாக அசையும், அவ்வளவுதான்.

வேங்கையையும் கேட்டார்கள். உறுதியில் அதை அடிக்க முடியாது. ஆனால் ஈரம் பட்டால் மஞ்சள் சாறு விடும், அதனால் மேல்பலகைக்கு எனக்கு மனம் வரவில்லை. புளியமரம் கசாப்புக் கடைக் கட்டைக்கு இருக்கட்டும். இடித்த வீட்டு உத்திரத் தேக்கு கிடைத்தால் மறுபேச்சே இல்லை. ஆனால் எட்டடிக்கு, பழைய ஆணித் துளை இல்லாமல் கிடைப்பது அதிர்ஷ்டம்.

கால்களிலும் ஒரு பேச்சு நடந்தது. மூலைக்கு ஒன்றாக நான்கு கால் வைத்தால் பக்கத்துக்கு மூன்று பேர்தான் தாராளமாக உட்காரலாம், நாலாவது ஆளின் முட்டி காலில் இடிக்கும். ஆளுக்கு இரண்டடி வேண்டுமே! உள்ளே தள்ளி இரண்டு தாங்கி வைத்தால் பக்கத்துக்கு நாலு, முனைக்கு ஒன்று, ஆக பத்து. போல்ட்டில் கழற்றுகிற மாதிரி செய்தால் மாடிப்படியிலும் ஏறும். மேல்பலகை மட்டுமே அறுபது கிலோவைத் தாண்டும்.

அம்மாவுக்கு ஒரே கவலை, மஞ்சள் கறை. நியாயமான கவலைதான், வெளிர் மரத்தில் சாம்பார் சிந்தினால் தெரியும். அதனால் மெழுகு வேண்டாம், பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் என்று முடிவு. பட்டறையில் மாமரத் துண்டு ஒன்றில் பாலிஷ் அடித்து, அவர் கையாலேயே ரசம் ஊற்றிப் பார்க்கச் சொன்னேன். காலையில் துடைத்தார். போனது.

மேல்பலகை மாமரம், தாங்கி வேங்கை என்று பேசி முடித்தோம். ஒட்டி மேல்பலகையாக்க வேண்டிய பலகைகள் இப்போது காய்வதற்காக நடுவில் குச்சி வைத்து அடுக்கியபடி மூலையில் இருக்கின்றன. வீட்டுக்காரர் வாரம் ஒரு தடவை போன் செய்து "எப்ப சார் ஒட்டுவீங்க?" என்கிறார். மரத்தின் ஈரத்தை அளக்கும் மீட்டர் நேற்று 14 சதவீதம் காட்டியது. 11க்கு வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.