மேலங்கியில் விழுந்த சுருக்கம்

ஆறு சனிக்கிழமைகள், கட்டணம் 420 சிங்கப்பூர் வெள்ளி. சூப்பர்ஹீரோ வரையக் கற்றுத்தரும் பயிலரங்கு. முதல் மூன்று வாரம் பழைய காமிக்ஸ் பாணி, அடுத்த மூன்று வாரம் இன்றைய யதார்த்த பாணி. பூகிஸ் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் நடக்கிறது. பெயர் வேண்டாம், பின்னால் கொஞ்சம் திட்டப்போகிறேன்.

நான் கப்பல் பட்டறையில் வெல்டிங் சோதிப்பவன், பிறந்தது சிவகாசிப் பக்கம். என் முதல் சூப்பர்ஹீரோ இரும்புக்கை மாயாவி. 1972இல் முத்து காமிக்ஸ் அவரை வைத்துத்தான் தொடங்கியது. நான் படித்தது பல ஆண்டுகள் கழித்து, அண்ணனின் பெட்டியிலிருந்த அட்டை கிழிந்த பிரதியில். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். அதை வரைந்த ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ, வெறும் கறுப்பு வெள்ளையில் புகைப்படம் போல நிழல் விழவைத்தவர். பழையது என்றால் கார்ட்டூன், புதியது என்றால் யதார்த்தம் என்று பயிலரங்கின் துண்டுப் பிரசுரம் பிரித்துப்போட்டிருந்தது அதனால்தான் எனக்கு உறுத்தியது.

ஆனாலும் முதல் மூன்று வாரம் கொடுத்த காசுக்கு மேல். விளம்பர நிறுவனத்தில் வரைந்து ஓய்வுபெற்ற சீனப் பெரியவர் ஒருவர் பாடம் எடுத்தார். மாணவர்கள் எல்லாரும் அவருக்கு ‘பாஸ்’. தடித்த கறுப்புக் கோடு ஏன் வந்தது என்று அவர் சொன்ன பிறகுதான் அந்தப் பாணியே எனக்குப் புரிந்தது. சூப்பர்மேன் தோன்றிய 1938இலும் அதற்குப் பின் பல பத்தாண்டுகளும் காமிக்ஸ் அச்சானது மலிவான தாளில். நான்கே மைகள், புள்ளி புள்ளியாக. ஒரு மை சற்று விலகிப் பதிந்தாலும் படம் கலங்கும். அந்தக் குளறுபடியைத் தாங்கிப்பிடித்தது கறுப்புக் கோடு. அச்சுத் தகட்டுக்காகப் படமெடுக்கும் ஃபிலிமில் வெளிர்நீலம் பதியாது என்பதால், நீலப் பென்சிலில் போட்ட வரைவை அழிக்க வேண்டியதே இல்லை.

பிறகு வேலை. நம்மை நோக்கிப் பாய்ந்து வரும் முஷ்டியை முப்பது முறை வரையச் சொன்னார். அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பியின் முஷ்டிகள் முகத்தைவிடப் பெரிதாக இருக்கும். ஆனால் பார்க்கும்போது அளவு தப்பு என்று யாருக்கும் தோன்றாது. என் முஷ்டிகள் பனங்கிழங்குக் கட்டு மாதிரி இருந்தன. மையிடும்போது தூரிகையைத் தோளிலிருந்து இழுக்க வேண்டும். நடுவில் தயங்கினால் அந்த இடம் காட்டிக்கொடுத்துவிடும். வெல்டிங்கில் கை நின்ற இடத்தை நான் தினமும் கண்டுபிடிக்கிறேன், என் கோட்டில் அதை இன்னொருவர் கண்டுபிடித்தார். (பயிலரங்கில் கருவிப் பெட்டியோடு தந்த செயற்கை மயிர்த் தூரிகை இரண்டாம் வாரமே நுனி பிளந்தது. சேபிள் என்ற இயற்கை மயிர்த் தூரிகையை 45 வெள்ளிக்குத் தனியாக வாங்கினேன்.)

யதார்த்தப் பாதிதான் வயிற்றெரிச்சல். இளம் ஆசிரியர், நல்ல பையன். அமெரிக்க ஓவியர் அலெக்ஸ் ராஸ் பற்றி உற்சாகமாகப் பேசினார்: 1990களில் சூப்பர்ஹீரோக்களைக் குவாஷ் என்ற ஒளிபுகா நீர்வண்ணத்தில், உயிருள்ள ஆட்களை மாதிரியாக நிறுத்தி வரைந்தவர் என்று. சரி, நாமும் ஆளை நிறுத்தி விளக்கு போடுவோமா என்றால், இல்லை. இணையத்தில் எடுத்த படத்தை டேப்லெட்டில் போட்டு மேலே வரையச் சொல்லிவிட்டார். அது வரைவது அல்ல, படியெடுப்பது.

வீட்டில் நானே முயன்றேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மகனை நிறுத்தி, குளியல் துண்டை முதுகில் கட்டி, கீழிருந்து டார்ச் அடித்தேன். மூன்றாம் மாடி மலாய் மாமி நின்று பார்த்துவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சலா என்று கேட்டார். துண்டின் ஒவ்வொரு சுருக்கத்தையும் விடாமல் வரைந்தேன். படத்தில் இருந்தவன் துண்டு கட்டிய என் மகன். அவன் பறப்பான் என்று நானே நம்பவில்லை. துணியின் மடிப்பு அது மாட்டியிருக்கும் இடத்திலிருந்து, தோளிலிருந்தும் அக்குளிலிருந்தும், விரிந்து இறங்குகிறது என்று ஐந்தாம் வாரம் அந்த இளம் ஆசிரியர் ஒரு மணி நேரம் சொல்லித்தந்தார். அந்த மூன்று வாரத்தில் உருப்படியானது அது ஒன்றுதான். அதன்படி பாதிச் சுருக்கத்தை அழித்த பிறகு துண்டு மேலங்கியானது.

இரண்டு பாணியையும் ஏன் இப்படி எதிரெதிராகப் பிரித்து வைக்கிறார்கள் என்று தெரியவில்லை. 2017இல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருதுகள் மூன்றை வாங்கிய நம் சிங்கப்பூர் ஓவியர் சன்னி லியூவின் சித்திர நாவலில், ஒரு கற்பனை ஓவியரின் பெயரில் எத்தனை காலத்துப் பாணிகள் வருகின்றன! விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகம் நடக்கும் தூரம்தான், அதைப் புரட்டிப் பார்க்க ஒரு வகுப்பை அங்கே வைத்திருக்கலாம்.

சேர நினைப்பவர்கள் முதல் மூன்று வாரத்துக்கு மட்டும் பணம் கட்ட முடியுமா என்று கேளுங்கள். என்னிடம் முடியாது என்றார்கள். போன சனிக்கிழமை படியேறி எட்டிப் பார்த்தேன். யதார்த்த வகுப்பில் பாதி நாற்காலி காலி. இப்போது கேட்டால் ஒருவேளை அவர்கள் ஒப்புக்கொள்ளலாம்.