காக்காவா, அண்டங்காக்காவா: கழுத்தை நம்பலாமா, குரலை நம்பலாமா?

காகத்தைப் பிரித்துச் சொல்ல எல்லாரும் முதலில் பார்ப்பது கழுத்தைத்தான். கழுத்தும் மார்பும் சாம்பல் என்றால் வீட்டுக்காகம். உடம்பு முழுக்கக் கறுப்பு என்றால் அண்டங்காக்கை. மொட்டைமாடிச் சுவரில் படையல் சோற்றுக்குக் காத்திருக்கும் காகத்துக்கு இது போதும். உருவ அளவு, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் உதவும்.

பறவைப் பட்டியல் எழுதும்போது நான் முதலில் நம்புவது குரலைத்தான். நம் ஊர்ப் பக்கம் இருக்கும் வீட்டுக்காகத்தின் கழுத்து அவ்வளவு வெளிர் கிடையாது. வடமேற்கின் வறண்ட பகுதிகளில் கழுத்து மிகவும் வெளுத்திருக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கும் துணையினத்துக்கு அடர் சாம்பல். வடக்கே எடுத்த படத்தை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் குழப்பம்தான். விடிகாலையில், வெளுக்கும் வானத்துக்கு எதிரே தென்னை மட்டையில் உட்கார்ந்திருந்தால் அந்தச் சாம்பலும் தெரியாது, வெறும் கறுப்பு உருவம்தான்.

குரலுக்கு வெளிச்சம் தேவையில்லை. வீட்டுக்காகம் கொஞ்சம் மூக்கால், தட்டையாக 'கா, கா' என்று கத்தும். அண்டங்காக்கையின் குரல் அடித்தொண்டையிலிருந்து கனமாக, கரகரப்பாக வரும். தெருவில் இரண்டும் மாறிமாறிக் கத்துவதை ஒரு வாரம் கவனித்தாலே காது பழகிவிடும். மாந்தோப்புக்குள் இலை மறைவில் இருப்பதைக்கூட எழுத முடிவது இதனால்தான்.

ஆனால் குஞ்சுகள் இரை கேட்டுக் கத்தும் பருவத்தில் குரலை மட்டும் வைத்து நான் எழுதுவதில்லை. காக்கா கூட்டில் வளரும் குயில் குஞ்சும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சமயத்தில் அலகைப் பார்ப்பேன்: அண்டங்காக்கைக்கு அது தடித்து, மேல் விளிம்பு நன்றாக வளைந்திருக்கும். இது எனக்கு இரண்டாவது துணைதான், தூரத்தில் ஏமாற்றும்.

அப்புறம், ரேவன்: அண்டங்காக்கையோடு குழம்பக்கூடிய, முழுக்கக் கறுப்பான இன்னொரு பெரிய காக இனம். 60 செ.மீ.க்கு மேல் நீளம், பறக்கும்போது ஆப்பு வடிவ வால், தொண்டையில் தொங்கும் நீண்ட இறகுகள். இந்தியாவில் அதைப் பார்க்க இமயமலைக்கோ ராஜஸ்தான் போன்ற வடமேற்குப் பகுதிக்கோ போக வேண்டும். தமிழ்நாட்டில் முழுக்கக் கறுப்பான பெரிய காகத்தைப் பார்த்தால் அண்டங்காக்கை என்றே பதியலாம்.