ஃபைல் போட்டாச்சு, அப்ரூவல் வந்துடும்னு ஃபிளாட் விக்கிறாங்க, செக்ல கை வெக்காதீங்க (3,75,000 போச்சு எனக்கு)

இப்பதான் அந்த பில்டர் ஆபீஸ்ல கத்திட்டு வந்து உக்காந்து எழுதுறேன். மூணு லட்சத்து எழுபத்தஞ்சாயிரம். சீட்டு எடுத்த பணம், பத்தாததுக்கு வளையல் அடகுல இருக்கு. பேர் போட வேண்டாம்னு வக்கீல் சொல்லிட்டார், அதனால இவ்வளவுதான் சொல்வேன்: தென்சென்னைல அபார்ட்மென்ட் கட்டுற நடுத்தர கம்பெனி, மெயின் ரோட்டுல ஏசி போட்ட சேல்ஸ் ஆபீஸ், நடுவுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள நீச்சல் குளம் வெச்ச பொம்மை பில்டிங். சைட் பெரும்பாக்கம் பக்கம்.

செக் குடுத்த அன்னிக்கு அந்த சேல்ஸ் பையன் பேசுன பேச்சு இருக்கே. அம்மாவுக்கு முட்டி வலின்னு பாத்ததும் ஓடிப்போய் குஷன் சேர் எடுத்துட்டு வந்தான், எந்த ஊரு எந்தக் குலதெய்வம்னு கேட்டு, அட நம்ம பக்கம்தான்னு ஒரே கொண்டாட்டம். கெழக்கு பாத்த வீடு ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருக்கு, அம்மாவுக்குன்னே எடுத்து வெச்ச மாதிரின்னான். அப்ரூவல் என்ன ஆச்சு தம்பின்னு நான் கேட்டேன், கேக்காம இல்ல. உடனே டேப்ல ஒரு பேப்பர காட்டுறான், சிஎம்டிஏன்னு (பிளானுக்கு அனுமதி குடுக்குற சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) மேல இருக்கு, நம்பர் இருக்கு, ஆர்க்கிடெக்ட் சீல் குத்துன டிராயிங் இருக்கு. "பிளானிங் பர்மிஷனுக்கு ஃபைல் உள்ள போயாச்சுக்கா, ஃபயர், டிராஃபிக், ஏர்போர்ட் எல்லா என்ஓசியும் (ஆட்சேபணை இல்லைங்கிற லெட்டர்) ரெடி, தை பொறந்தா பூமி பூஜை, அதுக்கப்புறம் இந்த ரேட் கெடைக்காது." அம்மா என் கையப் புடிச்சு அழுத்துச்சு, எழுதுடின்னு. 75 லட்சத்துல 5 பர்சன்ட், 3,75,000க்கு செக். செக்ல எழுதச் சொன்ன கம்பெனி பேர் வேறயா இருக்கேன்னா "குரூப் கம்பெனிதான்க்கா"ன்னான்.

தை போச்சு, மாசியும் போச்சு. போன் பண்ணா ஃபைல் மேல போயிருக்குங்கிறான், ஆபீஸர் டிரான்ஸ்ஃபர்ங்கிறான், எலெக்ஷன் வருதுல்ல மேடம்ங்கிறான். மேடமாம், இப்போ. கடைசில நானே சிஎம்டிஏ ஆபீஸ் இருக்கிற எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகைக்குப் போயிட்டேன். அங்க இருந்த ஒருத்தர் பொறுமையா பாத்துட்டு சொன்னார், இது விண்ணப்பம் வாங்குனதுக்கு குடுக்குற நம்பர்மா, பர்மிட் இல்ல. யார் வேணா பிளான் குடுத்தா நம்பர் விழுமாம். 18.30 மீட்டருக்கு மேல போற பில்டிங்னா ஃபயர், டிராஃபிக் போலீஸ், ஏர்போர்ட்னு ஒவ்வொரு இடத்துலயும் என்ஓசி வாங்கணும், தண்ணி நிக்கிற எடமான்னு நீர்வளத்துறை பாக்கணும், அதுல பாதி இன்னும் இந்த ஃபைல்ல இல்லவே இல்ல.

அதவிட பெருசு ஒண்ணு. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ல ராம்சர் எடமா (உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலம்னு) அறிவிச்சாங்கல்ல, அதையும் அதோட எல்லையில இருந்து 1 கிலோமீட்டரையும் அளந்து ஆய்வு முடியுற வரைக்கும் அங்க பிளானிங் பர்மிஷன் குடுக்கக் கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் ஆர்டர் போட்டது 2025 செப்டம்பர்ல. இவங்க சைட் அந்த ஒரு கிலோமீட்டருக்குள்ள. எங்கிட்ட செக் வாங்குனது அதுக்கப்புறம், கார்த்திகைல! பேப்பர்லயே வந்த விஷயம், பிளான் போட்டவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் அம்மாவுக்கு குஷன் சேர் போட்டிருக்கான். அந்த ஆர்டர் மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது, 2015 டிசம்பர் வெள்ளத்துல எங்க தெருவுல போட் விட்டதப் பாத்தவ நான்.

இன்னிக்கு போய் பணத்தக் கேட்டா மேனேஜர் மீட்டிங்ல இருக்காராம், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டீ குடிக்கிறது தெரியுது. அப்புறம் வந்து "நீங்க குடுத்தது புக்கிங்கே இல்ல மேடம், ஈஓஐ, விருப்பம் தெரிவிச்சதுக்கான தொகை, சார்ஜ் புடிச்சுட்டு மீதிய கூடுவாஞ்சேரி புராஜெக்ட்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"ங்கிறார். கூடுவாஞ்சேரி யாரு கேட்டா? வீட்டு விலைல 10 பர்சன்ட்டுக்குக் கீழ வாங்குனா அக்ரிமென்ட் தேவையில்லன்னு எனக்கே சட்டம் வேற சொல்றார். அந்த 10 பர்சன்ட் கணக்கு ரேராவுல (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) ரிஜிஸ்டர் பண்ண புராஜெக்ட்டுக்குய்யா. 500 சதுர மீட்டருக்கு மேல நெலமோ எட்டு வீட்டுக்கு மேலயோ இருந்தா, ரிஜிஸ்டர் பண்ணாம விளம்பரமே பண்ணக்கூடாது, புக்கிங் வாங்கக்கூடாது, 2016 சட்டம் அது, மீறுனா புராஜெக்ட் மதிப்புல 10 பர்சன்ட் வரைக்கும் அபராதம். இத சொன்னதும் "கோர்ட்டுக்குப் போங்க"ன்னு எழுந்து போயிட்டார். 3,75,000 ரூவாய வெச்சுக்கிட்டு!

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், இப்போ மண்டை ஓடல. ரேரா நம்பர் இல்லாம அஞ்சு பைசா குடுக்காதீங்க, நம்பர் குடுத்தாலும் தமிழ்நாடு ரேரா சைட்ல நீங்களே தட்டிப் பாருங்க. ஃபைல் நம்பர் வேற, பர்மிட் நம்பர் வேற. பில்டர் பேரும் செக்ல எழுதச் சொல்ற பேரும் வேறயா இருந்தா எழுந்து வந்துடுங்க. சர்வே நம்பர் வாங்கி சதுப்பு நிலத்துல இருந்து எவ்வளவு தூரம்னு விசாரிங்க.

பெரும்பாக்கம், மேடவாக்கம் பக்கம் இதே மாதிரி ஈஓஐன்னு செக் குடுத்தவங்க இருந்தா மெசேஜ் பண்ணுங்க, நான் ரேரால கம்ப்ளெயின்ட் போடப் போறேன், சேந்து போடலாம்.