‘இயற்கைப் பொடி, இரண்டே நிமிடத்தில் எறும்பு காலி’: கோழி வளர்ப்பவர்கள் வாங்கும் முன் படிக்கவும்

வெள்ளைப் பொடி, பாக்கெட்டின் மேல் ஒரு கோழிப் படம், கீழே இரண்டு வாக்குறுதி. ஒன்று, ‘முழுக்க இயற்கை, கோழி தின்றாலும் ஒன்றும் ஆகாது’. இன்னொன்று, ‘தூவிய இரண்டு நிமிடத்தில் எறும்பு சாகும்’. வெயில் ஏறியதும் இந்தப் பாக்கெட்டுகள் கிளம்பிவிடுகின்றன. கொல்லையில் ஐந்து பத்து கோழி வைத்திருப்பவர்கள்தான் விற்பவர்களுக்கு இலக்கு. இந்த இரண்டு வாக்குறுதியையும் ஒரே பாக்கெட்டில் பார்த்தால் வாங்காதீர்கள்.

இப்படி விற்ற ஒரு பொடியால் நடந்தது இது. சொன்னபடியே கூண்டின் தரையிலும் தீவனத் தொட்டியைச் சுற்றியும் காலையில் தூவப்பட்டது. எறும்பு உடனே சுருண்டது. கோழிகள் வழக்கம்போல அந்த மண்ணிலேயே புழுதிக் குளியல் போட்டன. மாலைக்குள் இரண்டு கோழிக்கு வாயில் எச்சில் வடிந்தது, எச்சம் தண்ணீராகப் போனது, கால் மடங்கி எழ முடியவில்லை. விற்றவரிடம் கேட்டதற்கு ‘வெயில் தாங்காமல் சுருண்டிருக்கும்’ என்று பதில் வந்தது. பாக்கெட்டில் மூலப்பொருளின் பெயர் இல்லை, சதவீதம் இல்லை, பதிவு எண் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. பெயர் தெரியாத நஞ்சுக்கு மருத்துவர் எந்த மருந்தைக் கொடுப்பார்?

பெரும்பாலும் டயட்டமேசியஸ் எர்த் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அது டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடு படிந்து உண்டான மண். எறும்பின் மேல்தோலில் இருக்கும் மெழுகுப் பூச்சை அது உறிஞ்சிவிடும். பிறகு உடலின் ஈரம் வற்றி எறும்பு சாகும். இதற்குப் பல மணி நேரம் ஆகும், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். ஆகவே வாங்கிய பொடியைக் கோழிக்குக் காட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கூண்டிலிருந்து தள்ளி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் நாலைந்து எறும்பைப் போட்டு ஒரு சிட்டிகை பொடி தூவி மூடி வையுங்கள். சில நிமிடத்தில் எறும்பு துள்ளி, மல்லாந்து, கால் உதறினால் அது வெறும் மண் அல்ல, நரம்பைத் தாக்கும் பூச்சிக்கொல்லி. அடுத்து, கொஞ்சம் பொடியில் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புக்கல் பொடி கலந்திருக்கிறது. ஆனால் நுரைக்காததால் மட்டும் பொடி நல்லது என்று ஆகிவிடாது. பூச்சிக்கொல்லியை வினிகர் காட்டிக்கொடுக்காது. முதல் சோதனைதான் முக்கியம். முகர்ந்து பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

வேகமாகக் கொல்வதெல்லாம் கோழியையும் கொல்லும் என்று இல்லை. சாமந்தி இனப் பூவிலிருந்து எடுக்கும் பைரெத்ரமும் பூச்சியை நொடியில் சாய்க்கும். அதுவும் அதைப் போலச் செய்த செயற்கை வகைகளும் பறவைக்குக் குறைந்த நச்சுதான். ஆர்கனோ பாஸ்பேட், கார்பமேட் என்னும் பூச்சிக்கொல்லி வகைகளில் பலவோ பறவைகளை மிகச் சிறிய அளவிலேயே சாய்த்துவிடும். ஃபிப்ரோனில் என்னும் பூச்சிக்கொல்லி கோழி இனப் பறவைகளுக்கு ஆபத்தானது, முட்டையின் மஞ்சள் கருவிலும் தேங்கும். எது உள்ளே இருக்கிறது என்பதைப் பெயர் சொல்லாத பாக்கெட்டில் யாராலும் அறிய முடியாது. ‘இயற்கை’ என்ற ஒரு சொல்லை நம்பிப் பெரிய பண்ணைகளே ஏமாந்திருக்கின்றன. 2017-இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிச் செவ்வுண்ணிக்கான தாவரத் தயாரிப்பு என்று விற்கப்பட்ட மருந்தில் ஃபிப்ரோனில் கலந்திருந்தது தெரியவந்தது. லட்சக்கணக்கான முட்டைகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. பண்ணைக்காரர்கள் வாங்கியது மூலிகை என்று நினைத்துத்தான்.

உண்மையான டயட்டமேசியஸ் எர்த் கிடைத்தாலும் விற்பவர் சொல்லும் அளவுக்கு அது உதவாது. ஈரம் பட்டால் வேலை செய்யாது. தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றித் தூவுவது வீண். குவித்துப் போட்டால் எறும்பு சுற்றிக்கொண்டு போய்விடும். காய்ந்த இடுக்கிலும் சுவரோரத்திலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு மெல்லியதாகப் படிய வேண்டும். நீச்சல்குள வடிகட்டிக்கு விற்பது வேறு வகை. அதிக வெப்பத்தில் சுட்டதால் அதில் படிகச் சிலிக்கா இருக்கும். அது நுரையீரலைக் கெடுக்கும், எறும்பையும் சரியாகக் கொல்லாது. கோழியின் மூச்சு நுரையீரலோடு காற்றுப் பைகளுக்கும் போவதால் எந்தத் தூசும் அதற்கு ஆகாது. மூடிய கூண்டுக்குள் நல்ல பொடியையும் வீசித் தூவக் கூடாது. தூவுபவர் முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும்.

இனி அந்த ‘வெயில்தான் காரணம்’ என்ற பதிலுக்கு வருவோம். வெப்பம் தாக்கிய கோழி அலகைத் திறந்து இரைக்கும், இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி நிற்கும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் காற்றும் கிடைத்தால் பெரும்பாலும் தெளியும். ஆர்கனோ பாஸ்பேட் வகை நஞ்சேறிய கோழிக்கு எச்சில் ஒழுகும், தண்ணீராகக் கழியும், உடம்பு நடுங்கும், கால் விழுந்துவிடும். வெயில் தணிந்த பிறகும் தெளியாது. தூவிய சில மணி நேரத்தில் பல கோழிகளுக்குச் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். உடனே எல்லாக் கோழியையும் அந்த இடத்தை விட்டு மாற்றுங்கள். கையுறை போட்டுக்கொண்டு இறகிலிருக்கும் பொடியைத் தட்டி, வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் கொண்டு அலசி நிழலில் வையுங்கள். வாயில் எண்ணெயோ பாலோ ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் இறங்கினால் அதுவே கொன்றுவிடும். பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். இந்த வகை நஞ்சுக்கு அட்ரோபின் ஊசி உண்டு, அளவை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். தரைப் படுக்கையை முழுவதும் அள்ளி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை முட்டையைச் சாப்பிடவும் வேண்டாம், பிறருக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

பொடியே இல்லாமல் எறும்பைச் சமாளிக்க முடியும். அதற்கு எறும்பு ஏன் வருகிறது என்று பார்க்க வேண்டும். முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் தீவனம் எடுக்கும். வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தீனி குறையும், தண்ணீர் இரட்டிப்பாகும். குளிர்நாளில் போட்ட அதே அளவைப் போட்டால் மிச்சமாகும், மிச்சத்தைக் கிளறிக் கீழே சிதறும். வெளியே மண் காய்ந்து கிடக்கும்போது தண்ணீர்க் கிண்ணத்தின் அடி மட்டும்தான் ஈரம். தீனியும் ஈரமும் ஒரே இடத்தில் இருந்தால் எறும்பு வராமல் என்ன செய்யும்? தீவனத்தை விடிந்ததும் ஒரு பங்கு, வெயில் சாய்ந்தபின் ஒரு பங்கு என்று போடுங்கள். இடையில் மிஞ்சியதை எடுத்து நிறுத்துப் பாருங்கள், மறுநாள் அந்த அளவைக் குறைத்துவிடலாம். தொட்டியின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருந்தால் சிதறல் வெகுவாகக் குறையும். இரவில் தொட்டியை எடுத்து மூடி வையுங்கள். உடைந்த முட்டையை ஒரு மணி நேரம்கூட விடக் கூடாது.

தொட்டியை வைக்க ‘எறும்பு ஏறாத தாங்கி’ என்று விற்பதிலும் ஏமாற்று உண்டு. தாங்கியின் ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு சின்ன மூடி அளவுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பார்கள். வெயிலில் அந்தத் தண்ணீர் மதியத்துக்குள் வற்றிவிடும். வற்றாவிட்டாலும் மேலே தூசும் இறகும் படிந்து எறும்புக்குப் பாலமாகிவிடும். காலுக்கும் கிண்ண விளிம்புக்கும் நடுவே 4 சென்டிமீட்டர், ஆழம் 5 சென்டிமீட்டர் இருந்தால்தான் பயன். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் பரப்பு இழுவிசை குறைந்து எறும்பு மூழ்கும். அல்லது சமையல் எண்ணெய் ஊற்றலாம், அது வற்றாது. இன்ஜின் ஆயில் கூடாது, கோழி வாய் வைத்துவிடும். கிண்ணத்துக்கு மேலே ஒரு தட்டைக் காலில் கவிழ்த்து மாட்டினால் கோழியும் குடிக்காது, தூசும் விழாது. தாங்கியைச் சுவரில் சாய்த்தாலோ ஒரு புல் தொட்டாலோ எல்லாம் வீண். தாங்கியின் காலில் வேஸ்லின் தடவுவதும் வெயிலில் நிற்காது, உருகி வழிந்துவிடும்.

புற்றையே ஒழிக்க வேண்டுமானால் மெதுவாகக் கொல்லும் இரைதான் வழி. 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராம் சர்க்கரையும் 10 கிராம் போரிக் ஆசிடும் கரையுங்கள். ‘கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் சாகும்’ என்று அளவைக் கூட்டினால் காரியம் கெடும். இரை எடுத்த எறும்பு வழியிலேயே செத்துவிடும், புற்றில் இருக்கும் ராணிக்கும் புழுவுக்கும் எதுவும் போய்ச் சேராது. மூடியுள்ள சின்ன டப்பாவில் 3 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, கரைசலில் நனைத்த பஞ்சை உள்ளே வைத்து, கோழி நுழைய முடியாத இடத்தில், வேலிக்கு வெளியே எறும்புச் சாரையின் ஓரமாக வையுங்கள். மேலே செங்கல் ஒன்று வைத்தால் கவிழாது. வெயிலில் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். முதல் சில நாள் எறும்பு முன்பைவிட அதிகமாக வரும். அப்போது பதறி ஸ்பிரே அடித்தால் அத்தனையும் பாழ். சாரை மெலிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். சில எறும்பு சர்க்கரையைத் திரும்பியே பார்க்காது. ஒரு பக்கம் சர்க்கரைத் தண்ணீர், ஒரு பக்கம் வேகவைத்த மஞ்சள் கரு வைத்து எதில் மொய்க்கிறது என்று முதலில் பாருங்கள். போரிக் ஆசிடும் நஞ்சுதான். டப்பாவில் பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

அடைக்கோழி இருக்கும் கூண்டில் இதையெல்லாம் பொரிப்பு நாளுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். குஞ்சு ஓட்டில் துளையிட்டதும் அந்த ஈரத்தையும் வாடையையும் தேடி நெருப்பெறும்பு உள்ளே போகும். வெளியே வரும் முன்பே குஞ்சு செத்துவிடும். அடைப்பெட்டியைக் காலுள்ள பலகையில் ஏற்றி, கால்களுக்கு எண்ணெய்க் கிண்ணம் வையுங்கள். பொரிப்பு முடிந்ததும் காலி ஓட்டையும் பொரியாத முட்டையையும் அன்றே எடுத்துவிடுங்கள். கோழியே எறும்பைத் தின்று தீர்த்துவிடும் என்று விடுவதும் சரியல்ல. ராய்லிட்டினா என்னும் நாடாப்புழுவின் இளம்பருவம் எறும்பின் உடலிலும் வளர்கிறது.

எறும்புச் சாக்பீஸில் பெரும்பாலும் டெல்டாமெத்ரின் அல்லது சைபர்மெத்ரின் இருக்கும், கோழி கொத்தும் இடத்தில் கோடு போடாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தில் காலைப் பொசுக்கும், எச்சத்திலிருந்து அம்மோனியாவையும் கிளப்பும். நாப்தலீன் உருண்டை, மண்ணெண்ணெய் இரண்டும் கூண்டுப் பக்கமே வரக் கூடாது.

ஏற்கெனவே அந்தப் பொடியை வாங்கியிருந்தால் மிச்சத்தைக் கொட்டிவிடாதீர்கள். அதே பாக்கெட்டோடு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக மூடி, விளம்பரத்தின் படத்தையும் பணம் கட்டிய ரசீதையும் சேர்த்து வையுங்கள். செத்த கோழி இருந்தால் உறைய விடாமல் குளிரில் வைத்து, அன்றே பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். மருத்துவரின் எழுத்துக் குறிப்போடு பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் புகார் கொடுக்கும்போது ஆய்வகத்துக்கு அனுப்ப இவைதான் கையில் இருக்கும்.